சித்திக்கு எந்தப் பக்கம் ஏற்றுவது

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் திருயாத்திரை போனால் கடைசி நாள் காலையில் ஒரு வழக்கம் உண்டு. ஊருக்குப் புறப்படும் முன் ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆட்களுக்காக மெழுகுதிரி ஏற்றுவார்கள். உயிரோடு இருப்பவர்களுக்கான திரி கோயில் வாசலில், மாதாவைப் பார்த்தபடி. இறந்தவர்களுக்கானது வெளியே, மரத்தடியில் நிற்கும் சிலுவையின் காலடியில். மற்ற ஊர்க்காரர்கள் இப்படிப் பிரிப்பதில்லை. இடம் கிடைத்த பக்கம் ஏற்றிவிட்டுப் போவார்கள். நாங்கள் மட்டும் பிரிப்போம். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. ஒருவர் இறந்த பிறகு அவருக்காக ஏற்றும் முதல் திரிக்கு இன்னோர் ஒழுங்கும் இருக்கிறது. கூடப்பிறந்தவர்கள் எல்லோரும் ஒரே திரியில் கைவைத்து அதை ஏற்ற வேண்டும். யாராவது வரவில்லையென்றால் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடுவார்கள்.

அம்மாவின் தங்கைக்கு, என் சித்திக்கு, அந்த முதல் திரி ஏற்றப்படாமலே இருந்தது. அவர் இறந்தாரா இல்லையா என்பது எங்களுக்குத் தெரியாது.

சித்தி கலியாணம் கட்டிப் போனது கிளிநொச்சிப் பக்கம். அவருடைய கணவரின் குடும்பமும் மலைநாட்டுக் குடும்பம்தான். இனக்கலவரத்துக்குப் பயந்து, நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியவர்கள். சண்டை நின்றிருந்த சமாதான காலத்தில், வன்னிக்குப் போகும் பாதை திறந்திருந்தபோது நாங்கள் டயகமப் பக்கத்திலிருந்தும் சித்தி அங்கிருந்தும் புறப்பட்டு, நடுவில் மடு மாதா கோயிலில் சந்திப்போம். எனக்கு அப்போது பள்ளிக்கூடம் தொடங்கிய வயது. சித்திக்குப் பிள்ளை இல்லை. என்னை மடியில் கிடத்திக்கொண்டு தலையில் பேன் பார்ப்பார். நான் நெளிந்தால் முதுகில் ஓர் அடி வைப்பார். அந்த அடிகூட எனக்கு நினைவிருக்கிறது, முகம்தான் சரியாக நினைவில்லை.

கடைசியாகப் பிரிந்தபோது பாதை மறுபடி மூடப்படும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். "எப்ப தெறக்குதோ அப்ப இங்கயே வந்து பாத்துக்குவோம். எங்கயும் தேடி அலைய வேணாம்" என்று சித்தி சொன்னாராம். பாதை மூடியது. சண்டை முடிந்த பிறகு மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், வவுனியா முகாம்களில் தேடினார். பதிய வேண்டிய இடத்திலெல்லாம் பெயரைப் பதிந்தார். சித்தப்பா செத்துக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் கிடைத்தார். சித்தியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கூட்டத்தோடு கூட்டமாக நடந்து போய்க்கொண்டிருந்தார் என்பது மட்டும்தான். அதற்குப் பின் ஒன்றும் இல்லை.

அதனால் நாங்கள் வருடாவருடம் மடுவுக்குப் போனோம். நீர்கொழும்பு, தலவில் என்று மற்றத் தலங்களையும் முடித்துக்கொண்டு கடைசியாகத்தான் மடு. அம்மா ஒவ்வொரு முறையும் சித்திக்கென்று ஒரு திரி வாங்கிக் கோயில் வாசலில், உயிரோடு இருப்பவர்களின் பக்கத்தில் ஏற்றுவார். மாமா தள்ளி நின்று பார்ப்பார். பிறகு பஸ் ஏறுவோம்.

நான் ஹட்டனில் ஒரு மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பயணத்தை ஒழுங்குபடுத்துவது சில வருடங்களாக என் பொறுப்பு. பஸ், ஆசனம், அரிசி, விறகு, மாத்திரை எல்லாம் என் கைபேசியில் வரிசையாக இருக்கும். முடிந்தது முடிந்ததாக அடித்துக்கொண்டே வருவேன். இந்த முறை திகதியையும் நான்தான் பார்த்துப் போட்டேன். மாமாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நுவரெலியாவில் ரத்தம் சுத்தம் செய்து வருகிறார். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் விழும் நாட்களுக்குள் போய்த் திரும்ப வேண்டும். டாக்டர் எனக்குத் தெரிந்தவர். இந்த ஒரு தடவைதான், இனி இவ்வளவு தூரம் கூட்டிப்போகக் கேட்டு வராதே என்று என்னிடமே சொல்லியிருந்தார். அதை நான் மாமாவிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

கடைசி நாளுக்கு முந்திய மாலை, வழமையாக நாங்கள் தங்கும் மரத்தடியில் அடுப்பு மூட்டியிருந்தோம். தொங்கல் வீட்டு அத்தை பருப்பு தாளித்துக்கொண்டிருந்தார். எங்கள் லயத்தின், தோட்டத்து வரிசை வீடுகளின், கடைசி வீடு அவருடையது, அதனால் அந்தப் பெயர். அவர் இந்து. ஆனாலும் ஒரு வருடம்கூட மடுவுக்கு வராமல் இருந்ததில்லை. "மாரியாத்தாட்டச் சொல்லிட்டுத்தான் வந்தேன், போய்ட்டு வாடின்னுட்டா" என்பார். செபம் நடத்த எங்களோடு வரும் உபதேசியார் அதை நீட்டினால் அவருக்குப் பொறுக்காது. அன்றைக்கும், "உபதேசியாரே, ஒங்க செபத்தக் கேட்டுத்தான் கொரங்கெல்லாம் மேல ஏறிக்கிச்சு. முடிங்க, சோறு ஆறுது" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா அம்மாவிடம் கேட்டுவிட்டார்.

"நாளைக்கு அவளுக்குச் சிலுவையடியில ஏத்திருவோமா, புள்ள?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "உசுரோட இருக்கவளுக்கு எழவு கொண்டாடச் சொல்றியாண்ணே?"

"உசுரோட இருந்தா நம்ம திரியால அவளுக்கு ஒரு கொறையும் வராது. இல்லன்னா? உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடப்பா. இத்தன வருஷமா ஒரு பூச இல்ல, ஒரு செபம் இல்ல. நம்மள விட்டா அவளுக்கு வேற யாரு இருக்கா?"

அந்த ஸ்தலத்திலிருந்து இறந்தவர்களின் ஆத்மா கரையேறுவதற்கு உயிரோடு இருப்பவர்கள் செபிக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. யாரும் செபிக்காத ஆத்மா அந்த இடத்திலேயே கிடக்கும். மாமா சொன்னதற்குப் பொருள் இதுதான்: நாம் நம்பிக்கையோடு காத்திருக்கக் காத்திருக்க, அவள் அங்கே தனியே கிடக்கிறாள். அதை அவர் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"மாதாவே இந்தக் கோயில விட்டு எடம்பெயந்து போனாங்க" என்றார் அம்மா. "திரும்பி வரலயா? இவ மட்டும் வரமாட்டாளா?"

"மாதாவத் தூக்கிட்டு வர ஆளு இருந்துச்சு."

சண்டைக் காலத்தில் மாதாவின் சுரூபத்தைக் குருமார் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றி, பிறகு திரும்பக் கொண்டுவந்ததைத்தான் சொன்னார். பிறகு மாமா, சத்தத்தைக் குறைத்து, "எனக்கு இனி வர முடியாது புள்ள. நாளைக்கு நான் போய்ச் சேந்து அவளும் அங்க இருந்தா, என்னண்ணே எனக்கு ஒன்னும் செய்யலயேன்னு கேப்பா. நான் என்ன பதில் சொல்றது?" என்றார்.

 மாமாவுக்கு உப்பில்லாமல் தனியாக எடுத்து வைத்திருந்த பருப்பை அம்மா அவர் தட்டில் ஊற்றினார்.

காலைப் பூசை முடிந்ததும் கூட்டம் கலைந்தது. பெண்கள் பொலித்தீன் பைகளில் மடுவின் மண்ணை அள்ளினார்கள். மலையில் பாம்பு தீண்டாமல் இருக்க அதை வாசலில் தூவுவது வழக்கம். சாமான்கள் பஸ்ஸில் ஏறின. ஒவ்வொரு வீட்டாராகத் திரி ஏற்றினார்கள். நான் அப்பாவுக்குச் சிலுவையடியில் ஏற்றினேன், அவர் இறந்து நாளாகிவிட்டது. அம்மாவுக்கும் எனக்கும் வாசலில் ஏற்றினேன். அம்மா கையில் சித்தியின் திரி அப்படியே இருந்தது. மாமா கொஞ்ச நேரம் சிலுவையின் பக்கத்தில் நின்றார். அம்மா அந்தப் பக்கம் வராததைப் பார்த்துவிட்டு, பஸ்ஸின் கைப்பிடியைப் பிடித்து மெல்ல ஏறி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

வழமையாக அம்மா நேரே வாசலுக்குப் போய் ஏற்றிவிடுவார். அன்றைக்கு அங்கேயும் போகவில்லை. திரியோடு மரத்தடிக்கே திரும்பிப் போய், நாங்கள் அணைத்த அடுப்புக் கல்லின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நேரமாச்சும்மா, வெயில் ஏறிரும்" என்று உபதேசியார் என்னிடம் சொன்னார். "போய்க் கூட்டிட்டு வாங்க."

போனேன். அம்மா என்னைப் பார்க்காமலே கேட்டார்: "எல்லாரும் ஏறிட்டாங்களா?"

"இல்ல. அத்த இன்னும் சட்டி கழுவுறாங்க."

"உங்க மாமா?"

"ஏறி உக்காந்துட்டாங்க."

"கோவமா இருக்காரா?"

"கோவமில்லம்மா. கால் வீங்கியிருக்கு."

அம்மா மரத்தின் வேரைக் கையால் தடவினார். "இந்த மரந்தான். ஒனக்கு ஞாபகம் இருக்காது. ஒரு சாக்கு நெறைய முருங்கக்கா கொண்டாந்தா. நம்ம குளுருக்கு முருங்க நிக்காதுல்ல. பஸ்ஸுல வர்றவனெல்லாம் திட்டித் தீத்துட்டானாம், இந்தப் பொம்பள வெறகு ஏத்திட்டு வருதுன்னு." ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ படிச்ச புள்ள. ஒன்ட்ட இதுவர நான் கேட்டதில்ல. சொல்லு. அவ இருக்காளா?"

ஆய்வுகூடத்தில் முடிவு வாங்க வருபவர்கள் என் முகத்தைப் பார்த்து இப்படித்தான் கேட்பார்கள். என்ன இருக்கு, சொல்லுங்க மிஸ். எனக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லக்கூடாது. டாக்டரிடம் காட்டுங்கள் என்று உறையை ஒட்டிக் கொடுப்பேன். அம்மாவை அனுப்பி வைக்க எனக்கு டாக்டர் யாரும் இல்லை.

"இருந்திருந்தா வந்திருப்பாங்கம்மா" என்றேன். "பாத தெறந்து எவ்வளவு காலம். மடுவுக்கு வர அவங்களுக்கு வழி தெரியாதா?"

அம்மா தலையை ஆட்டினார். நான் ஏதோ புதிதாகச் சொன்னதுபோல அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

"அதேதான் நானும் நெனப்பேன். ஒவ்வொரு வருஷமும். சாமான எண்ணி பஸ்ஸுல ஏத்துற நேரத்துல அந்த நெனப்பு வரும். அப்பறம் ஊரு வந்துரும். விடிய பெரட்டுக்குப் பேர் குடுக்கப் போகணும், கொழுந்து எடுக்கணும், அதுல போயிரும்." திரியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் அங்க ஏத்துனா, நாந்தான் அவளக் கொன்ன மாதிரி இருக்கும்டி."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.  அவர் சொன்னது பிழையென்று எனக்குப் படவில்லை.

பஸ் சாரதி எங்களைத் தேடி வந்தார். கினிகத்தேனையைச் சேர்ந்த சிங்களவர், எங்கள் பயணங்களுக்கு எப்போதும் அவர்தான். தூரத்திலிருந்தே "அம்மே, யமுத?" என்று கேட்டார். போவோமா என்று அர்த்தம். கிட்ட வந்து அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றார். "அவசரம் இல்ல, அவசரம் இல்ல" என்று தமிழில் சொல்லிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்.

அம்மா எழுந்தார். முழங்கால் வலிக்கு என் தோளைப் பிடித்துக்கொண்டார். வாசல் பக்கம் திரும்புவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் நேரே பஸ்ஸுக்குப் போனார். முன்வரிசை யன்னல் உயரத்தில் இருந்தது. மாமா உள்ளே கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அம்மா பஸ்ஸின் தகரத்தைத் தட்டினார்.

"எறங்குண்ணே."

மாமா கண்ணைத் திறந்தார். "வேணாம் விடு புள்ள. நான் ஏதோ பேசிட்டேன்."

"எறங்கு. நான் தனியா ஏத்த முடியாது."

சாரதிதான் அவரைத் தாங்கிப் பிடித்து இறக்கினார். சிலுவையடிக்கு நடக்கிற தூரம் கொஞ்சம்தான், மாமாவுக்கு அது நிறைய நேரம் எடுத்தது. பஸ்ஸில் ஏறியிருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறங்கி வந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. அத்தை கழுவிய சட்டியோடு வந்து நின்றார்.

மாமாவின் இடது கையில் ஊசி போடும் இடத்தில் கட்டு இருந்தது. வலது கையால் திரியைப் பிடித்தார். அதன்மேல் அம்மா தன் கையை வைத்தார். மூன்று பேர் பிறந்த வீடு. நான் தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தேன். காற்றில் இரண்டு குச்சிகள் அணைந்தன. அடுத்ததைச் சாரதி தன் தொப்பியால் மறைத்தார், பற்றிக்கொண்டது.

உபதேசியார் இறந்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். அவருக்குச் சித்தியின் பெயர் தெரியும். ஆனாலும் தானாகச் சொல்லவில்லை. அம்மா தங்கையின் ஞானஸ்நானப் பெயரை முழுவதுமாகச் சொன்னார். வீட்டில் யாரும் சித்தியை அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. கோயில் புத்தகத்திலும் முகாம்களில் மாமா கொடுத்த விண்ணப்பங்களிலும் மட்டும் இருந்த பெயர் அது.

திரியைக் கல்லில் நட்டபோது மாமாவுக்கு உடம்பு குலுங்கியது. இத்தனை வருடமாக இதற்குக் காத்திருந்தவர் அவர்தான். அது நடந்ததும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். "நான் இன்னும் நல்லாத் தேடியிருக்கணும் புள்ள" என்று மறுபடி மறுபடி சொன்னார். அம்மா அழவில்லை. அண்ணனின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

அழுதது அத்தை. சட்டியைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உட்கார்ந்தார். "அடி எஞ் சக்களத்தி! கூடைய மாட்டிக்கிட்டு எனக்கு முன்னால ஓடுவியேடி! ஒரு பிடி மண்ணுகூட நாங்க போடலயேடி ஒனக்கு!" என்று மாரில் அடித்துக்கொண்டார். ஒன்றாகக் கொழுந்து எடுத்த காலத்தில் இருவரும் விளையாட்டுக்கு அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்களாம். கோயில் வளவில் ஒப்பாரி வைப்பது எங்கள் ஆட்களிடம் வழக்கமில்லை. உபதேசியார் குனிந்து சட்டியை எடுத்து ஓரமாக வைத்தார், அத்தையைத் தடுக்கவில்லை.

திரும்பி வருகிற பயணம் எப்போதும் பாட்டும் கூத்துமாக இருக்கும். அநுராதபுரம் தாண்டுமுன்னே யாராவது பின்சீட்டில் தாளம் போடத் தொடங்கிவிடுவார்கள். அன்றைக்குச் சாரதி பாட்டுப்பெட்டியைப் போடவே இல்லை. தம்புள்ளையில் சாப்பிட நிறுத்தியபோது என் கைபேசியில் அடுத்து என்ன இருக்கிறது என்று பார்த்தேன். மாமாவின் மாத்திரை, தண்ணீரின் அளவு, கண்டியில் டீசல். ஒவ்வொன்றாக முடித்தேன். கைக்கு வேலை இருந்தது நல்லதாக இருந்தது.

கண்டிக்குப் பிறகு அம்மா பேசத் தொடங்கினார். மாமா அவர் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் சித்தியைப் பற்றிய பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அது எப்போதும் எங்கே இருப்பாள், என்ன சாப்பிடுவாள், யாராவது பிடித்து வைத்திருப்பார்களோ என்பதாகவே இருக்கும். அவர் எப்படிப்பட்டவர் என்று அன்றைக்கு முன் அம்மா சொல்லி நான் கேட்டதில்லை. இறந்தவர்களைப் பற்றித்தானே அப்படிக் கதை சொல்வார்கள்.

"எனக்குக் காச்ச வந்து கெடந்தேன். என் பேருக்கு இவ கொழுந்து எடுக்கப் போய்ட்டா, எஞ் சேலையக் கட்டிக்கிட்டு. கணக்கப்புள்ளைக்குக் கண்ணு சரியாத் தெரியாது. அவ நல்ல கை ஓடுறவ. நான் எடுக்குறதப் போல ரெண்டு மடங்கு நிறுத்துப் போட்டுட்டா. மறுநாளு நான் போனா கணக்கப்புள்ள என்னையச் சுத்திச் சுத்திப் பாக்குறாரு. நேத்து மாதிரி ஏன் இன்னைக்கு இல்ல, ஒளிச்சி வைக்கிறியா, அப்புடின்னு."

பின்னாலிருந்து அத்தை, அழுது கம்மிய குரலில், "ஒரு மாசம் ஒன்னையப் போட்டுத் தொளைச்சானே அந்தாளு" என்றார்.

"ஒரு மாசமா? அவ கட்டிக்கிட்டுப் போற வரைக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதுதான் அம்மாவுக்கு அழுகை வந்தது. கம்பளை, நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறும்வரை அது நிற்கவில்லை. மாமாவின் தலை அசையாதபடி தோளை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டு அழுதார்.

கினிகத்தேனையில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். அங்கே குளிர் தொடங்கிவிடும். ஊருக்கு எத்தனை மணிக்கு வருவோம் என்று நான் அங்கிருந்துதான் லயத்துக்குச் சொல்வேன். அத்தையின் மருமகளுக்கு அழைத்தேன். அவள் என் வயதுக்காரி. நேரத்தைச் சொன்னேன். பிறகு, சொல்லாமல் போய் இறங்க முடியாது என்று தோன்றியது.

"சித்தி தவறிட்டாங்க" என்றேன்.

"ஐயோ! எந்தச் சித்தி? மடுவுக்குப் பாக்கப் போவீங்களே, அவங்களா?"

"ஆமா."

"எப்ப?"

தெருவின் மறுபக்கத்தில் சாரதிக்குத் தெரிந்தவர்கள் யாரோ அவரைக் கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவர் கையை மட்டும் காட்டிவிட்டு அங்கேயே நின்றார். மருமகள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இன்னைக்குக் காலையில" என்றேன்.

நாங்கள் போய் இறங்கியபோது இருட்டத் தொடங்கியிருந்தது, தூறலும் இருந்தது. யாத்திரை போனவர்கள் வந்தால் பிள்ளைகள் இனிப்புக்கு ஓடி வருவார்கள். அன்றைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. பெரியவர்கள் பிடித்து வைத்திருப்பார்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் தூறலுக்கு ஒரு படங்கை விரித்துக் கட்டி, அதன்கீழே நாற்காலி போட்டிருந்தார்கள். ஆண்கள் எழுந்து நின்றார்கள். வாசலில் ஒரு பெரிய சட்டியில் வெந்நீர் ஆவி பறந்தது. சாவுக்குப் போய் வந்தவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் போவதில்லை. அம்மா யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மாமாவுக்குக் குளிரும் என்று தலையில் தண்ணீர் தெளித்து மட்டும் விட்டார்கள்.

எங்கள் அடுப்பை அன்றைக்கு மூட்டவிடவில்லை. மேல் லயத்திலிருந்து ரொட்டியும் சம்பலும் வந்தன. பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். சித்தியைக் கண்ணால் கண்டிராத இளம் பெண்களும் அழுதார்கள். உடம்பும் இல்லை, பெட்டியும் இல்லை, சுற்றி உட்காருவதற்கு நடுவில் ஒன்றுமே இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்தார்கள்.

"படம் ஒன்னு வைங்களேன்" என்று அத்தை சொன்னார். "எங்க பாத்து அழுறது?"

சித்தியின் படம் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது. கலியாணத்துக்கு முன் தலவாக்கலையில் எடுத்தது. அதைப் பெரிதாக்கி மாமா அச்சடித்து, மழையில் நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார். முகாம் வாசல்களில் மாமாவும், பிறகு மடுவில் வருகிறவர் போகிறவரிடம் அம்மாவும் காட்டித் திரிந்த படம். மேலே 'காணவில்லை' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே மாமாவின் தொலைபேசி எண்.

அப்படியே சுவரில் வைக்க முடியாது என்று எனக்குப் பட்டது. கத்தரிக்கோலையும் அடிமட்டத்தையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். மேலே உள்ள எழுத்துக்கும் தலைமுடிக்கும் இடையில் நூலிடைதான் இருந்தது. கோடு போட்டு நேராக வெட்டினேன். எழுத்து தனித்துண்டாக விழுந்தது. படத்தைத் திருப்பி அடியில் அடிமட்டத்தை வைத்தபோது அம்மா ஈரத்தலையோடு வாசலில் நின்றிருந்தார்.

"கீழ வெட்டாத" என்றார்.

நான் அவரைப் பார்த்தேன்.

"நம்பர் இருக்கட்டும்."

அப்படியே கொடுத்தேன். அம்மா அதைக் கொண்டுபோய்ச் சுவரோரத்து மேசையில் சாய்த்து வைத்தார். யாரோ கொண்டுவந்திருந்த பூவை வைத்தார்கள். விளக்கு ஏற்றினார்கள். உபதேசியார் மாலைச் செபத்தைத் தொடங்கினார். வந்தவர்கள் எல்லோரும் படத்தைப் பார்த்து அழுதார்கள். கீழே உள்ள எண்ணைப் பார்த்திருப்பார்கள், ஒருவரும் கேட்கவில்லை. மாமா நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைப் பைக்குள் இருந்த கைபேசியை வெளியே எடுத்து, அது இயங்குகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார்.